செகாலி மாத்திரை

மாத்திரையைக் கையில் கொடுப்பது கிளினிக்கின் வேலை. அது வேளைக்கு வாய்க்குள் போனதா என்று பார்ப்பது எங்கள் வேலை. சுங்கைப் பட்டாணியில் இருபது வருடம் ரவிக்கை தைத்தேன். முதுகுவலி வந்து தையல் இயந்திரத்தை விட்டதும் இந்த மருந்துத் திட்டத்தில் சேர்ந்தேன். கோலா கெத்தில் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தனியாக இருக்கும் வயதானவர்களை வியாழன்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். "அப்பா மருந்து போட்டாச்சா" என்று தினம் போனில் கத்துகிறவர்களே, நீங்களும் என் கட்சிதான்.

பிஸ்கட் டின்

முதல் வாரம் ராயப்பன் அண்ணன் வீடு. தோட்டத்து லாரி ஓட்டியவர். மருந்து எங்கே என்று கேட்டதும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பிஸ்கட் டின்னை இழுத்தார். உள்ளே ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பாதி காலாவதி. மாதாமாதம் பஸ் பிடித்துப் போய், வரிசையில் உட்கார்ந்து வாங்கி வந்து அடுக்கியிருக்கிறார். சாப்பிட்டால் தலை சுற்றுகிறதாம். அதைக் கிளினிக்கில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டு விடுவார்களாம்.

அப்புறம் எதற்கு வாங்குகிறீர்கள் என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். அவர் நிதானமாக டின்னை மூடினார். "வாங்கலன்னா ஏசுறாங்க தங்கச்சி. சாப்பிடலன்னா யாரும் கேக்கல."

மலாய் தெரிந்தவர்

மாரியாயி அக்கா பால் மரம் சீவி ஓய்ந்தவர். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. குளியலறையில் தலை சுற்றி விழுந்து, நெற்றியில் தையல் போட்டு வந்திருந்தார். மகள் கூலிமில் ஹைடெக் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இன்னொரு தடவை விழுந்தால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கு நோயைவிட அந்த இல்லத்தின் மேல்தான் பயம்.

பைகளைப் பிரித்துப் பார்த்தேன். சில காலைக்கு, சில இரவுக்கு. இவரோ அத்தனையையும் காலையில் ஒரே வாயில் போட்டிருக்கிறார். 'செகாலி செஹாரி' என்றால் ஒரு நாளைக்கு ஒரு தடவை. கவுண்டரில் இருந்த பெண் பைக்குப் பை அதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் வெளியில் பேசும் மலாயில் 'செகாலி' என்றால் எல்லாம் சேர்த்து என்றும் ஆகும். 'மாலாம்', அதாவது இரவு, என்று பையில் அச்சடித்துத்தான் இருக்கிறது. மலாய் பேசத் தெரிந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் விளக்கியதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேல வாங்குற மலாய்க்கார மண்டோர்கிட்ட நாப்பது வருசம் வேல செஞ்சவ நான். செகாலின்னா செகாலிதான். எனக்கா மலாய் தெரியாது?"

கட்டம்

மறுநாளே எங்கள் அலுவலகத்துக்குப் போனேன். ஒருங்கிணைப்பாளர் குணா நல்ல பிள்ளை, ஆனால் பாரம் எனப்படும் படிவத்தை நிரப்பவே பிறந்தவன். பைகளில் தமிழில் ஒரு வரி, அல்லது சூரியனும் நிலாவும் படமாக ஒட்டலாமே என்று கேட்டேன். மேலிடம் ஒப்புக்கொள்ளாது என்றான். ஒரு கிழவி மண்டை உடைந்து கிடந்தாளே என்று மேசையைத் தட்டினேன். அவன் மாரியாயி அக்காவின் பாரத்தைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பினான். "விளக்கம் கொடுத்தாச்சுன்னு கட்டம் இருக்கு, டிக் அடிச்சாச்சு. புரிஞ்சுதான்னு கேக்க கட்டமே இல்லக்கா. நா என்ன செய்ய முடியும் லா?"

பெரட்டுப் பை

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த ரவிக்கைத் துணியில் இரண்டு சுருக்குப் பை தைத்தேன். மஞ்சள் பை பெரட்டுக்கு. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கு எடுப்பது; அந்த நேரத்தை அக்காவின் உடம்பு இன்னும் மறக்கவில்லை. நீலப் பை சாமிக்கு விளக்கு வைத்த பிறகு. எது எந்தப் பையில் என்று மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் கிளினிக் நர்ஸிடம் சரிபார்த்து, அட்டையோடு போட்டு ஆணியில் மாட்டினேன். ஒன்றரை மாதம் அக்கா ஒருநாளும் தவறவில்லை, விழவும் இல்லை. மகளும் இல்லத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குச் சொல்லாமல், மேலிடத்திலிருந்து வந்திருக்கிறார்கள். அக்கா குணமான கதை அவர்களுக்கு வேண்டியிருந்தது, துணிப்பை வேண்டியிருக்கவில்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, மலாயில் கிழமை எழுதிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, அதை அக்கா கையில் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வியாழக்கிழமை நான் போனபோது ஆணியில் இரண்டு பையும் காலியாகத் தொங்கின. பெட்டி நிறைந்தபடி இருந்தது. தப்பான மாத்திரையைப் போட்டு விழுந்துவிட்டால் இல்லம்தான் என்று பயந்து, நான்கு நாளாக அக்கா ஒன்றையும் தொடவில்லை. ரத்தக் கொதிப்பை அளந்து பார்த்தேன், எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடனே காரில் ஏற்றினேன். கிளினிக் போகும் வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். "இது படம் புடிக்கக் குடுத்த பொட்டிதானே தங்கச்சி. பெரட்டு மாத்தர எதுன்னு நீ வந்து சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

எங்கள் திட்டத்தில் இன்றுவரை ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து சாப்பிட்டு வருவது எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும் அக்காவின் அந்தப் பாரம் ஒன்றுதான்.