விரலில் ஒட்டிய கறிவேப்பிலை

மாடித் தொட்டியில் கறிவேப்பிலை நுனியை ஒடித்ததும் விரலில் ஏறிய வாசனை, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் பின்னால் இருந்த, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் லைன் வீடுகளுக்கு என்னை இழுத்துப் போகிறது. வெல்டிங் புகையும் பெயிண்ட் நெடியும் கலந்த அந்த வாசலில் அம்மா அரிசி கழுவிய நீரும் புளித்த மோரும் ஊற்றி ஒரு செடி வளர்த்தாள். இலையைத்தான் உருவுவாள், கொம்பை ஒடிக்கவே மாட்டாள். ஆனால் காலையில் பார்த்தால் நுனிகள் ஒடிந்திருக்கும். சந்தேகம் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா மேல். அவள் தண்ணீர் பிடிக்க வரும்போது, "வளையல் புதுசுங்களா?" என்று அம்மா அவள் கையைப் பிடித்து, தன் மூக்குப் பக்கம் கொண்டுபோவாள். சோப்பு வாசனைதான் வரும்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாரா பாரு சாமி," என்பாள் பிறகு என்னிடம்.

சரோஜா அக்கா வீடு மாறிப் போனாள். அதன்பின் எந்த நுனியும் ஒடியவில்லை. செடி புதுப் பக்கக் கிளையே விடாமல் குச்சி குச்சியாக, கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

"போறப்ப என்னமோ பண்ணிப்போட்டுப் போயிட்டா," என்றாள் அம்மா.

நுனியை ஒடித்தால்தான் செடி கிளைக்கும் என்று இன்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா வந்து தங்கும் நாட்களில், நுனி ஒடித்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறேன்.