சுரங்கத்துக்குள் கேட்ட கடல்

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வேலை பார்க்கும் என் அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். இனி ஊருக்கு அழைத்துப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலி எடுப்பதற்குள் அக்காவை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது தாய்மாமனான என் பொறுப்பு. கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டிலிருந்து என் காரிலேயே கிளம்பினோம்.

அக்காவுக்கு அடைத்த இடம் என்றாலே ஆகாது. சுங்கச்சாவடி தாண்டியதும், இரண்டே நிமிஷம், சுரங்கத்துக்குள் நுழைந்தால் மலைக்கு அப்பால் என்று பீற்றிக்கொண்டேன். என் வாய் முகூர்த்தம், பாதிச் சுரங்கத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கம் வெட்டுகிறார்கள். அந்த வேலைக்காக முன்னால் மறித்திருந்தார்கள். காசையும் வாங்கிக்கொண்டு குகைக்குள் குந்த வைத்துவிட்டார்களே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, புகையை வெளியேற்றும் ராட்சத மின்விசிறிகள் கூரையில் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. இரைச்சல் தூரத்தில் எழும்பி எங்களை நோக்கி வந்தது.

சுனாமி வந்த காலையில் நான் வெளியூரில் இருந்தேன். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். ஆனால் ஓடவில்லை. பின்னால் நின்ற ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியையும் தட்டி, "கடல் வருது, இறங்கி ஓடுங்க" என்று கெஞ்சினாள். மலைக்குள் ஏது கடல்? சிலர் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. கையைப் பிடித்து இழுத்து வந்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அது விசிறிச் சத்தம்தான் என்று மேலே காட்டிச் சொன்ன பிறகே அவளுக்கு மூச்சு வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அன்னிக்கு நான் யாரு கதவையும் தட்டல தம்பி. புள்ளையத் தூக்கிக்கிட்டு உன் வீட்டத் தாண்டித்தான் ஓடுனேன். உன் பொண்டாட்டி காய்ச்சல்ல உள்ள படுத்துக் கெடந்தா. ஒரு தட்டு தட்டிருக்கலாம்."

என் மனைவியின் உடலை அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள். ஒரு நிமிஷம் அக்காவை வெறுத்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இத்தனை வருஷம் கடலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்டுவதற்கு ஒரு மனுஷி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில், பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பழைய சேலைகளைக் கிழித்து மடித்து வைத்த பை இருந்தது. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

முன்னால் வண்டிகள் நகர்ந்தன. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் காரைக் கிளப்பினேன்.

"நீ நின்னு தட்டிருந்தா அந்தப் புள்ளயும் போயிருக்கும்க்கா," என்றேன். "அவகிட்டதான் போறோம். அழாம வா."