நிரந்தரம் என்று சொன்னேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. லா சப்பலில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவில், ஒரு மரக்கறிக் கடையில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“அக்கா, நான் அந்த ஒப்பரேசன் செய்யேல்லை.”

திரும்பினேன். சில மாதங்களுக்கு முன் மருத்துவமனையில் நான் மொழிபெயர்த்துக் கொடுத்த பெண். லா கூர்னெவ்வில் ஒரு கிடங்கில் துப்புரவு வேலை. இரண்டு பிள்ளைகள். இனி வேண்டாம், கருக்குழாயைக் கட்டிவிடுங்கள் என்று கேட்டு வந்தவர். (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் போட வேண்டாம் என்றார்.)

அன்று டாக்டர் சொன்ன பிரெஞ்சுச் சொல் – ‘இர்ரெவெர்சிப்ல்’. நான் யோசிக்கவே இல்லை. “நிரந்தரம்” என்றேன். பத்து வருட அனுபவமாயிற்றே… அவர் தலையாட்டினார். முதல் தாளில் கையெழுத்தும் வைத்தார்.

இங்கே யோசிப்பதற்கு நான்கு மாதம் கொடுப்பார்கள். இரண்டாவது கையெழுத்து நாளில் எனக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாக ரதி போனாள். இங்கேயே பிறந்த பெண். எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“நீங்கள் நிரந்தரம் எண்டு சொன்னனீங்கள். அடிக்கடி போய்ச் செய்யத் தேவையில்லை எண்டு விளங்கிச்சுது. கட்டினதை வேணுமெண்டால் பேந்து அவிழ்க்கலாம் எண்டுதான் நினைச்சன். அந்தப் பிள்ளைதான் சொன்னவ… ‘அக்கா, பிறகு எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஏலாது, டொக்டராலயும் திருப்பேலாது’ எண்டு. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. கையெழுத்து வைக்காமல் வந்திட்டன்.”

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? அப்பாடா என்றுதானே? எனக்கோ வயிறு எரிந்தது. என் சொல்லில் விளங்காதது ரதியின் கொச்சைத் தமிழில் விளங்கிவிட்டதாம்.

“ரதி நல்ல பிள்ளைதான்,” என்றேன். “ஆனால் கவனம். டொக்டர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லுறவ.”

பச்சைப் பொய். அந்த நிமிடம் அது எவ்வளவு இனித்தது தெரியுமா?

அந்தப் பெண் பயந்துவிட்டார். திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போன் செய்து, டாக்டர் சொல்லாததையும் அந்தப் பிள்ளை சேர்த்துச் சொல்லுமாமே, அது சொன்னது உண்மையா என்று கேட்டிருக்கிறார். எங்கள் அலுவலகம் ரதியைக் கூப்பிட்டு விசாரித்தது. மாலையில் அவள் என்னை அழைத்தாள்.

“நீங்களா அக்கா அப்பிடிச் சொன்னது?”

மழுப்பியிருக்கலாம். முடியவில்லை. “ஓம். பொறாமையில சொல்லிட்டன்.”

பிரெஞ்சில் ஒரே ஒரு ‘சரி’. வைத்துவிட்டாள்.

மீளாதது, மாற்ற இயலாதது, திரும்பப் பெற முடியாதது… அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு அகராதி முழுக்கச் சொற்கள். அத்தனையும் தெரிந்து என்ன? கடையில் நான் விட்ட ஒரு வார்த்தையை என்னால் திரும்ப எடுக்க முடிந்ததா?

மறுநாளே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். தவறு என்னுடையது, சரியாக விளக்கியது ரதி என்று. விசாரணை முடிந்தது. ரதி இப்போது என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறாள், நின்று பேசுவதில்லை.

அந்தப் பெண்ணுக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “இன்னொண்டு பெறுவம் எண்டு இருக்கிறம் அக்கா. பொம்பிளைப் பிள்ளையெண்டால் ரதி எண்டுதான் பேர்.”

ஆண் பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.