நேரம் வைத்தேன், ஊர் வைக்கவில்லை

பெரம்பலூரில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் கைவிட்டோம். எலெக்ட்ரானிக் கடிகாரத்தில் எனக்கு இரண்டே வேலை தெரியும்: பேட்டரி மாற்றுவது, எல்லாம் தெரிந்தவன் போல் தலையாட்டுவது.

நோன்பு மாதம். லெப்பைக்குடிகாட்டில் இருந்து ஜொகரா அம்மா, தொழுகை நேரமானால் பாங்கு சொல்லும் கடிகாரத்தைக் காலையில் கொண்டுவந்தார். துபாயில் இருக்கும் மகன் வாங்கித் தந்தது. அவர் வீடு ஊருக்கு வெளியே வயலோரம். பள்ளிவாசல் சத்தம் எட்டாது. இதைக் கேட்டுத்தான் நோன்பு திறப்பார். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, புது பேட்டரி போட்டு, மணி வைத்தேன்.

"நல்லா பாத்தியா தம்பி? நோன்பு விஷயம்."

"எங்கிட்ட வந்துட்டீங்கல்ல, கவலைய வுடுங்கம்மா."

சாயங்காலம் அதே மாதிரிக் கடிகாரத்தோடு ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். பேட்டரி மாற்றி நீட்டினேன்.

"மணி சரி. ஊரு கல்கத்தான்னு காட்டுதே?"

"எந்த ஊரா இருந்தா என்ன சார், மணி ஒண்ணுதானே?"

"மணி ஒண்ணுதான்யா. அங்க பொழுது முன்னாடியே சாஞ்சுடும். பேட்டரிய கழட்டுனா வச்ச ஊரு அழிஞ்சு இதுக்கு வந்துடுது. அரை மணி முந்தியே பாங்கு சொல்லிடும்."

காலையில் ஜொகரா அம்மா கடிகாரத்திலும் நான் ஊர் வைக்கவில்லை. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர், என் வேலையை நம்பிப் பொழுது சாயும் முன்பே வாய் நனைத்தால் அன்றைய நோன்பே போச்சு. போன் அடித்தேன்; எடுக்கவில்லை. எந்தப் பட்டனை அமுக்கினால் நமக்குக் கிட்ட இருக்கும் திருச்சி வரும் என்று வாத்தியாரிடமே கேட்டுக்கொண்டு வண்டியை விரட்டினேன்.

வாசலில் இறங்கும்போது உள்ளே பாங்கு முடிந்துவிட்டது. ஓடினேன். ஜொகரா அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கஞ்சி, பேரீச்சம்பழம்.

"தின்னுட்டீங்களாம்மா?"

"இல்ல. ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஊரு வைக்க மறந்துட்டேன். கடிகாரம் முந்திக்கிச்சு."

"அது சொன்னதும் பழத்த எடுத்துட்டேன். சன்னல்ல பாத்தா சுவத்துல வெயிலு நிக்குது. பேட்டரி போட்டவன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. தட்டுல வச்சுட்டேன்."

அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை. திருச்சியை வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன்.

"எங்க போற? உக்காரு. அது சரியா சொல்ற வரைக்கும் நீயும் ஒண்ணும் குடிக்கக் கூடாது."

மத்தியானம் நாலு பரோட்டா தின்ற நான், அந்த அரை மணி நேரத்தில் கஞ்சியையே முறைத்துக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கி, வெளியே மங்கிய பிறகு கடிகாரம் பாங்கு சொன்னது. அம்மா பழத்தை வாயில் போட்டுவிட்டு, ஒரு கிண்ணம் கஞ்சியை என் பக்கம் தள்ளினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றும் முன் திரையை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். ஊர் கேட்காமல் நான் யாரையும் விடுவதில்லை. போன வாரம் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது: "யோவ், எதுத்த கடையிலதான்யா இருக்கேன்."