தண்ணீர் வந்த நாளில் கழுவிய ஸ்ட்ராபெர்ரி

இன்று காலை ஸ்டெல்லாம்மா என் பழக்கடைக்கு வந்து, முந்தாநாள் வாங்கிய ஸ்ட்ராபெர்ரி டப்பாவைத் திறந்து காட்டினார். எல்லாப் பழத்திலும் பூஞ்சை.

"கழுவி, ஈரத்தோட மூடி வெச்சீங்களா?"

"பின்ன இன்னாண்ணா? அன்னிக்குத்தான் எங்க லைன் வீடுங்களுக்கு தண்ணி வந்துச்சு. துணி, பாத்திரம்னு எல்லாத்தோட இதையும் கழுவிட்டேன். மறுபடி எப்ப வருமோ!"

சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருக் குழாயும் அப்படித்தான்.

மசக்கையில் இருக்கும் அவர் மகள் சாயங்கால ரயிலில் பெங்களூரிலிருந்து வருகிறாளாம். வாய்விட்டுக் கேட்டது இந்தப் பழத்தை மட்டும்தானாம்.

புது டப்பாவைத் திறந்தேன். அந்த வாசனைக்கு இருவரும் டப்பாவின் மேல் குனிந்தோம். எதிரே, எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு பனியில் நிஜ மலையாகத் தெரிந்தது. அதன் சரிவெல்லாம் இந்தப் பழம் சிவந்து கிடப்பதாக ஒரு நினைப்பு.

"இப்ப கழுவாதீங்கம்மா. பேப்பர் விரிச்சு பிரிட்ஜ்ல வைங்க. துன்றப்போ மட்டும் கழுவுங்க."

"அப்ப தண்ணி?"

"ஒரு சொம்பு எடுத்து வெச்சா போதும்."

இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் பக்கம் தண்ணீர் வந்ததா, சொல்லுங்கள்.

எங்கள் பேரம் இப்படி முடிந்தது: டப்பா பாதி விலைக்கு, அவர்கள் லைனில் தண்ணீர் திறந்ததும், நான் குடத்தோடு ஓடிவர முதல் போன் எனக்கு.