காலியாக விட்ட கேட்ச்

கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதிப் பிழைக்கிற சக ஜீவன்களே, நம்ம தொழிலில் ஓடுகிற வரியை எழுதுவது பாதி வேலைதான்; ஓடாமல் போனால் என்ன செய்யணும் என்று எழுதுவதுதான் மீதி!

என் தாராள மனசு

சிவகாசியில் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். பட்டாசு ஆலை போர்மேன்கள் தங்கள் ஆலைக் கம்ப்யூட்டருக்குத் தாங்களே விதி எழுதிக்கொள்ள ஒரு குட்டி மொழி செய்தோம். செய்யவேண்டிய வேலை 'ட்ரை'க்குக் கீழே; அது தவறினால் செய்யவேண்டியது 'கேட்ச்'சுக்குக் கீழே. பாவம், சிரமப்படுவார்களே என்று கேட்ச்சுக்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டாலும் சரி என்று வைத்தேன்.

பக்கத்து சீட் செல்வி சிரித்தாள்: "ஒங்க மொழியும் ஒங்க மகள மாதிரிதான்க்கா. எதையாவது ஒடச்சிப்புட்டு ஒண்ணும் நடக்கலையேன்னு நிக்கும்."

முப்பத்தொன்று

எம். புதுப்பட்டி பக்கம் ஒரு ஆலை. என் அம்மா அங்கேதான் வேலை பார்க்கிறாள். அறையில் சூடு கூடினால் சைரன் ஊதவேண்டும், அதுதான் அங்கே போர்மேன் எழுதிய விதி. ஒரு சித்திரை மத்தியானம் சோதிக்கப் போனேன். திரையில் முப்பத்தொரு டிகிரி.

போர்மேன் என்னையும் திரையையும் பார்த்தார். "வெளிய கல்லு வெடிக்குது, உள்ள மட்டும் காலையிலருந்து முப்பத்தொண்ணாம்மா?" என்றவர், பதிலுக்கு நிற்காமல் மணியை அடித்துவிட்டார். விதியைத் திறந்தேன், ஒயரையும் போய்ப் பார்த்தேன். சூட்டை அளக்கிற சென்சார் ஒயரை அணில் கடித்திருக்கிறது, கேட்ச் காலி. கடைசியாகக் கிடைத்த எண்ணையே மொழி காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கையில் பிடிக்கிற வெப்பமானியைக் கொண்டுபோய்ப் பார்த்தால், சைரன் எப்போதோ ஊதியிருக்கவேண்டிய சூடு!

நாலு வாசல் வழியாகவும் பெண்கள் வெளியே வந்தார்கள். கடைசியாக அம்மா, முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தாள்.

"என்னடி, ஒன் கம்ப்யூட்டரு மயங்கினதுக்கா எங்கள வெளிய வரச் சொன்னாக? நல்லது, செத்த காத்தாட நிக்கோம்."

திட்டு வாங்கிய திருத்தம்

மறுநாளே இலக்கணத்தை மாற்றினேன். கேட்ச் காலியாக இருந்தால் விதி ஓடாது. எந்தத் தவறு, அதற்கு என்ன செய்யணும், இரண்டும் எழுதியாகவேண்டும். எங்கள் முதலாளி அண்ணாச்சி தலையில் கைவைத்தார். போர்மேன்கள் ஏற்கெனவே எழுதிவைத்த விதிகளில் பாதி நின்றுபோயின. போன் போனாக வந்தது.

புதுப்பட்டி போர்மேனும் கூப்பிட்டார். "நேத்து ஓடுனது இன்னைக்கு கேள்வி கேக்குதேம்மா" என்று ஆரம்பித்தார். விவரம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ரூமுக்கு நாலு வாசல் வச்சா போதுமா? நாலும் தொறக்குதான்னு தெனமும் தள்ளிப் பாக்கோம்லா. நீங்களும் அதத்தான் செஞ்சிருக்கீக, போன வைங்க."

இன்றைக்கு இந்த வட்டாரத்தில் என் மொழியைத் திட்டாத போர்மேன் கிடையாது. அவர்கள் திட்டுகிற வரைக்கும் கேட்ச் எதுவும் காலியாக இல்லை என்று அர்த்தம்; அம்மா வேலைக்குப் போனால் திரும்பி வருவாளா என்று நான் வாசலில் நின்று பார்ப்பதில்லை.