கம்பளை நானாவின் கீபோர்ட்

எங்கள் வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர். வைத்தவர் மாமா. அவர் கொண்டுவரும் பையை வெளியிலிருந்தே தடவிப் பார்த்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதில் ஏதாவது குறைந்து மேசைக்கு வந்தால் யார் எடுத்தது என்றும் சொல்லிவிடுவேன். கேலிக்கு வைத்த பெயரைப் பதினொரு வயதில் நான் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தேன். சந்தேகப்பட ஆள் கிடைக்காத நாட்களில் எனக்குப் பொழுதே போகாது.

அந்த வருஷம் கிடைத்த ஆள் சித்தப்பா.

மாமாவும் சித்தப்பாவும் வாரநாட்களில் ஒரே அலுவலகத்தில் எழுதுவினைஞர்கள். சனி ஞாயிறுகளில் ஒரே பேண்ட். மாமா கிட்டார், சித்தப்பா ஆர்கன். கண்டியில் எங்கள் மஹய்யாவையிலிருந்து புறப்பட்டு, எந்தக் கலியாண வீட்டில் பழைய பாட்டு கேட்கிறார்களோ அங்கே போய் வாசிப்பார்கள். அந்த ஆர்கன் அலுமாரி மாதிரி ஒரு மரப்பெட்டி. தூக்க நான்கு பேர் வேண்டும், ஏற்ற ஒரு லொறி வேண்டும். ஒரு தேயிலைத் தோட்டத்துத் திருவிழா முடிந்து திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மேலே மூடியிருந்த படங்கு காற்றில் விலகி, பெட்டி முழுக்க நனைந்தது. அதன்பின் அதில் பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்டன.

திருத்தப் போவதில்லை என்று மாமா முடிவெடுத்தார். ஒரு ஆள் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறக்கூடிய கீபோர்ட் ஒன்றை, கைக்கெட்டும் விலையில் வாங்க வேண்டும். ஆனால் சத்தம் மட்டும் பழைய ஆர்கனுடையதாக இருக்க வேண்டும்.

“பழைய பாட்டுக்குத்தான் மச்சான் நம்மள கூப்பிடுறாங்க. அந்தச் சுழலுற சத்தம் இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்குவாங்க,” என்றார் சித்தப்பாவிடம்.

சுழலுற சத்தம் என்றால், ஒரே சுரம் அறையைச் சுற்றி வந்து காதைத் தொட்டுவிட்டுப் போவது போல ஒரு நடுக்கம். பழைய ஆர்கனில் அதுதான் உயிர். நாவலப்பிட்டியில் ஒரு கலியாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம்தான் இருந்தது.

கீபோர்ட் பார்க்கப் போகும்போது சித்தப்பா என்னை அழைத்துப் போனார். அண்ணா இருந்தான், அவன் டிரம்ஸ் பழகுகிறவன். அவனை விட்டுவிட்டு என்னை ஏன் கூப்பிட வேண்டும்? என் சந்தேகம் வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டது.

முதலில் கண்டி டவுனில் ஒரு கடை. கட்டைகள் பியானோ மாதிரி கனமாக இருக்கக்கூடாது, உள்ளங்கையால் வழித்துக்கொண்டு போக வேண்டும் என்று சித்தப்பா விளக்கினார். ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஆர்கன் ஒரே அளவில்தான் ஒலிக்க வேண்டும், கூடிக் குறைந்தால் அது ஆர்கன் இல்லை என்றார். அந்தச் சோதனைகளையெல்லாம் அவரே செய்தார். பிறகு என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

“கண்ண மூடிக்க புள்ள. எது நம்ம ஆர்கன் மாதிரி இருக்குன்னு சொல்லு.”

மூன்று கீபோர்டுகளில் மாற்றி மாற்றி வாசித்தார். ஒன்று தெருவில் பாண், பணிஸ் விற்க வரும் ஆட்டோவின் சங்கீதம் போலவே இருந்தது. மற்றொன்று பரவாயில்லை. மூன்றாவதுதான் சரி. சொன்னேன்.

“சரியா சொன்ன.”

அந்த மூன்றாவதின் விலையைக் கடைக்காரர் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். சித்தப்பா அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாங்கள் படியிறங்கும்போது கடைக்காரர் பின்னாலிருந்து சிங்களத்தில் இரண்டு தரம் கூப்பிட்டார். சித்தப்பா திரும்பவே இல்லை. எழுதிக் காட்டும் விலை, கூப்பிட்டும் திரும்பாத ஆள். இருவருக்கும் நடுவே எனக்குத் தெரியாத ஏதோ பேச்சு இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் கம்பளை போனோம். புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் அவர் நானா, மகனுடைய கீபோர்டை விற்கப்போவதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. நானா எங்களைக் கதிரையில் உட்காரவைத்து, துணி சுற்றிய கீபோர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“இது மகன்ட சாமான், தம்பி. அவர் வேலைக்குக் கட்டாருக்குப் போன பொறகு ஆரும் தொடல்ல.”

மெலிந்த, கறுப்பு நிறக் கீபோர்ட். ஒரு கையால் தூக்கலாம். இடப்பக்கம், மேலும் கீழும் தள்ளும் ஒன்பது சிறு தண்டுகள். சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கண்டிக் கடையில் விலை எழுதிக் காட்டினார்களே, அந்த மூன்றாவது கீபோர்டில் இருந்தவை போன்ற தண்டுகள்தான் இவை. வாசிக்கத் தொடங்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சத்தம் சுழன்றது.

ஆனால் அதன் மேலே இன்னொன்றும் இருந்தது. ஊசி முனை போல மெல்லிய ஒரு விசில். சித்தப்பா கையை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. நான் காதைப் பொத்திக்கொண்டேன். நானா முகத்தைச் சுளித்தார். சித்தப்பா மட்டும் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“நல்ல சுத்தமான சத்தம் நானா.”

எனக்குப் புரிந்துவிட்டது, அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பழுதான சாமானை மாமாவின் தலையில் கட்டுவதற்கு இரண்டு பேரும் சேர்ந்திருக்கிறார்கள்.

நானா சித்தப்பாவைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினார். மேசை லாச்சியை இழுத்து ஆறு பெட்டரிகளை எடுத்துக் கீபோர்டின் அடியில் போட்டு மறுபடி இயக்கினார். விசில் போய்விட்டது. அறையே கழுவிவிட்டது போல அமைதியானது.

“இப்ப எப்படி தம்பி?” என்றார்.

சித்தப்பா இரண்டு சுரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். பதில் என் முகத்தில் எழுதியிருக்கிறது என்பது போன்ற ஒரு பார்வை. அங்கேதான் நான் பொறி வைத்தேன்.

“அந்த விசில் இன்னும் கேக்குது சித்தப்பா.”

அவர் உடனே நானாவிடம் திரும்பி, “ஆமா நானா, விசில் இன்னும் இருக்கு,” என்றார்.

பிடித்துவிட்டேன்! இல்லாத விசிலைக் கேட்கிறது என்கிறார். இருந்த விசிலைப் பற்றி மூச்சு விடவில்லை. நானா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் மேசையைச் சுற்றி வந்து சித்தப்பாவுக்கு நேர் எதிரே நின்றார். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“விசில் வயர்லதான் தம்பி. பெட்டரில போட்டா வராது. இப்ப இல்ல. நான் சொல்றத நம்புங்க.”

சித்தப்பாவின் காது மடல்கள் சிவந்துபோயின. பேரம் பேசவே இல்லை. கீபோர்டை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ரயிலில் கண்டி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலையே எங்கள் முன்னறையில் ஒத்திகை. நான் நேராக மாமாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விசில், பெட்டரி, பொய், நானாவின் கூட்டு. மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கிட்டாரோடு எழுந்து, கீபோர்டில் குனிந்திருந்த சித்தப்பாவின் பின்னால் போய் நின்றார். சாதாரணமான குரலில் சொன்னார்:

“மச்சான், ஒன் சட்டை கிழிஞ்சிருக்கு.”

சித்தப்பா தண்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“மச்சான்.”

அண்ணா டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தான். மாமா அவர் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

“காது எப்பலேருந்து இப்படி?”

சித்தப்பா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். “ரெண்டு வருஷமா,” என்றார். “கீழ்ச் சத்தம் கேக்குது. மேல உள்ளதுதான் இல்ல. பேச்சும் பாதி பாதியா.”

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா வாசிக்க விடுவியா?”

மாமா கிட்டாரைக் கழற்றி உறைக்குள் வைத்தார். ஒத்திகை அத்தோடு முடிந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் மெச்சவும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. மேலும், நான் அந்தக் கதையை நம்பவே இல்லை. காது கேட்காத மனிதர் எப்படி ஆர்கன் வாசிப்பார்? அகப்பட்டுக்கொண்டதும் காதின் மேல் பழியைப் போடுகிறார் என்று நினைத்தேன். உறுதிப்படுத்த, அவருக்குப் பின்னால் போய் தடித்த புத்தகம் ஒன்றைத் தரையில் போட்டேன். சட்டென்று திரும்பினார். பார்த்தாயா, கேட்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழ்ச் சத்தம், மேல் சத்தம் என்று அவர் பிரித்துச் சொன்னது என் மண்டையில் ஏறவே இல்லை.

வேறு ஆள் தேட நேரமில்லாததால் நாவலப்பிட்டிக்குச் சித்தப்பாவே போனார். நாங்களும் போனோம். பஸ்ஸில் கீபோர்டை மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டு வந்தார். மேடையில் மாமா வழக்கமான இடத்தில் நிற்காமல், சித்தப்பாவின் கண்ணுக்கு நேரே நின்று கிட்டாரின் கழுத்தை அசைத்து அசைத்துத் தாளம் காட்டினார். பாட்டுகள் ஒவ்வொன்றாகக் களைகட்டின. ஆர்கன் சுழன்று சுழன்று மண்டபத்தைச் சுற்றி வந்தது. வயதான ஒருவர் மேடைக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாப்பாட்டு நேரத்தில் சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கம்பளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேச வந்தது அப்போதுதான்.

“சுழலுற சத்தம் வந்துச்சா புள்ள?”

“வந்துச்சு,” என்றேன், இலையைப் பார்த்துக்கொண்டே.

“வந்துச்சா?”

“வந்துச்சுன்னு சொல்றேன்ல,” என்றேன், மணமக்கள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு. இவர் என்னைச் சோதிக்கிறார், நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறார் என்று எனக்குள் எரிந்தது.

அவர் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். மாமாவிடம் கோள் சொன்னதற்கு இப்போது அடிக்கப்போகிறார் என்று நடுங்கிப்போனேன். அவர் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துச்சு சித்தப்பா. நல்லா வந்துச்சு. பழைய ஆர்கன் மாதிரியே.”

அவர் கையை எடுத்தார். மெல்லச் சிரித்துவிட்டு, எழுந்து கைகழுவப் போனார். என்னைப் பயமுறுத்திவிட்ட திருப்தியில் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

தன் வாசிப்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும், வீட்டில் எதையும் தவறவிடாதவள் நான்தான் என்று நம்பியே என்னைக் கடைகடையாய் அழைத்துப் போனார் என்பதும் எனக்கு விளங்கப் பல வருஷங்கள் ஆயின. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். அந்தப் பயத்தில் வார்த்தைகளை நிறுத்தி, உதடு தெளிவாக அசையச் சொன்னேன். அவர் படித்துக்கொண்டார்.